நஜ்முன்னிசா கேட்ட பாட்டுகள்

மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்த நஜ்முன்னிசாவின் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைப் போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் கிடையாது.

கணவன் அபுதாஹிருக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. போனால் எட்டு மாதம், பத்து மாதம். திரும்பும்போது மற்றவர்கள் நைலான் சேலையும் சென்ட் பாட்டிலும் கொண்டு வருவார்கள். அவன் தட்டு கொண்டு வருவான். 1962இல் ஆப்பிரிக்காவின் மொம்பாசா துறைமுகத்தில் ஒரு டீக்கடையில் கேட்ட பாட்டில்தான் அது தொடங்கியது. கூட வந்த கப்பல் சமையல்காரன் பேத்ரு, கோவாக்காரன், பாட்டுப் பைத்தியம். அவன்தான் கடை தேடி அந்தத் தட்டை வாங்க வைத்தான்.

துண்டில் சுற்றிய அந்தத் தட்டோடு அபுதாஹிர் பல்லார்டு பியரில் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றான். கவுண்டரில் இருந்த பஞ்சாபகேசன், "அதென்ன பாய், குழந்தை மாதிரி அணைச்சுண்டு நிக்கறேள்?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், "எங்காத்துல பிளேயர் இருக்கு. ஞாயித்துக்கிழமை மாட்டுங்காவுக்கு வாங்கோ. உங்க சம்சாரத்தையும் கூட்டிண்டு வாங்கோ" என்றார்.

அப்படிப் பழக்கமானார்கள். பஞ்சாபகேசனின் மனைவி ராஜலக்ஷ்மி காபி கொடுப்பாள். நாலு பேரும் உட்கார்ந்து கேட்பார்கள். மொம்பாசாவுக்குப் பிறகு கிரேக்கத்துப் பிரேயஸ், எகிப்தின் அலெக்சாண்டிரியா என்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் தட்டுகள் வந்தன. ஒரு சொல்லும் புரியாது. நஜ்முன்னிசாவுக்கு அது குறையாகவே படவில்லை. சின்ன வயதிலிருந்து அரபியில் ஓதி வந்தவள். பொருள் தெரியாமலே ஒரு குரலுக்கு மனம் கொடுத்துக் கேட்பது அவளுக்குப் பழகியிருந்தது. கணவன் கடலில் இருக்கும் மாதங்களில் தனியாகவே நடந்து போய், "மாமி, அந்த மொம்பாசா தட்டைப் போடுங்க" என்பாள். அவன் போன ஊருக்குப் போய்விட்டு வந்தது போலிருக்கும்.

1967 மழைக்காலத்தில் அபுதாஹிர் பிரேசில் நாட்டு சாந்தோஸிலிருந்து ஒரு தட்டு கொண்டு வந்தான். ஒரு ஆள் கிடார் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் பாடினான். நாலாவது பாட்டில் முள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. பாடுகிறவன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். பஞ்சாபகேசன் உள்ளே போயிருந்தார். பிளேயருக்குப் பக்கத்தில் இருந்தவன் அபுதாஹிர்தான். அவன் எடுத்துவிடுவான் என்று ராஜலக்ஷ்மி அவனைப் பார்த்தாள். அவனோ கண்ணை மூடி, பிளேயர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தான். நஜ்முன்னிசா எழுந்து போய் முள்ளைத் தூக்கினாள். அறை அமைதியாகிவிட்டது. அவன் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது நஜ்முன்னிசா அவனுக்கு வலப்பக்கம் வந்து, தெருவைப் பார்த்தபடி, "மச்சான், நம்ம வீடு தீப்பிடிச்சு எரியுது" என்றாள். அவன் பாட்டுக்கு நடந்தான்.

கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தில் ஈர பெஞ்சைத் துடைத்து அவனை உட்கார வைத்து, எதிரே நின்றாள்.

"எம்புட்டு நாளா மச்சான்?"

அவன் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "வலது காது ரெண்டு வருசமா இல்ல. எஞ்சின் சத்தம். எடது பக்கம் கிட்ட வந்து பேசுனா கேக்கும்."

"எங்கிட்ட சொல்லலாம்லா?"

"சொன்னா போவாதன்னு சொல்லுவ. கரையில நான் என்னத்த செய்ய?"

"அப்ப இந்தத் தட்டை எப்படிக் கேட்டு வாங்குனிய?"

"கடையில போட்டுக் காட்டுனாங்க. பேத்ரு கேட்டுட்டு அழுதான். அவன் அழுதா அது நல்ல பாட்டாத்தான் இருக்கும். ஒனக்குப் புடிக்கும்னு வாங்கிட்டேன்."

நஜ்முன்னிசா அவன் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மழை மறுபடி தூறியது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அவன் காதருகில் குனிந்து, "எஞ்சினு கப்பல்ல மட்டுமா இருக்கு?" என்றாள்.

அந்த வருஷம் அவன் கப்பலுக்குப் போகவில்லை. தாராவியில் நாகூர் மீரான் என்பவரின் பட்டறையில், தோல் தைக்கும் மெஷின்களையும் மோட்டார்களையும் பழுது பார்க்கச் சேர்ந்தான். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அது அவனுக்குத் தோதாக இருந்தது. முதல் சில மாதங்கள் வீட்டில் பேச்சுக் குறைவாக இருந்தான். பேத்ருவிடமிருந்து கடிதம் வந்த நாட்களில் சரியாகச் சாப்பிடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வரவும் தயங்கினான். "நான் வந்து என்ன செய்யப் போறேன்? நீ போ" என்றான். அவள் விடவில்லை. விஷயம் தெரிந்த பஞ்சாபகேசன் சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்து, "கீழாத்துக்காரர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். ராஜலக்ஷ்மி அவன் இடப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு நஜ்முன்னிசாவை உட்கார வைத்தாள். நஜ்முன்னிசா பாட்டில் கேட்பதையெல்லாம் அவன் காதில் சொல்லத் தொடங்கினாள்.

"பொம்பள பாடுதா. கோவமா இல்ல. கோவப்பட்டு ஓய்ஞ்சவ மாதிரி."

"வயலினு இருக்கா?"

"நாலஞ்சு இருக்கு. அவ நிறுத்துனதும் அதெல்லாம் ஒண்ணா சமாதானம் சொல்லுது."

இப்படிச் சொல்வதற்காக அவள் முன்பைவிடக் கவனமாகக் கேட்டாள். நாலு வருஷமாகக் கேட்ட தட்டிலேயே அதுவரை காதில் விழாத ஒரு சின்ன மத்தளம் இருந்தது. அதைச் சொன்னபோது அபுதாஹிர் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

கப்பல் நின்ற பிறகு புதுத் தட்டு வரவில்லை. 1969இல் ஒரு வியாழக்கிழமை நஜ்முன்னிசா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி சோர் பஜாருக்குப் போனாள். பழைய தட்டு விற்கும் கடைக்காரர், "கௌன்ஸி பாஷா சாஹியே?" என்று, எந்த மொழியில் வேண்டும் எனக் கேட்டார்.

"கோயி பி சலேகா. சுனாவோ" என்றாள். எதுவானாலும் சரி, போட்டுக் காட்டினால் போதும் அவளுக்கு.

நின்றபடியே ஏழு தட்டுகள் கேட்டாள். எட்டாவதை எடுத்துக்கொண்டாள். உறை கிழிந்திருந்தது. அதில் ஒரு மலையின் படமும், கடைக்காரருக்கும் தெரியாத எழுத்தும் இருந்தன.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்த அபுதாஹிர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எந்த ஊருது?"

"தெரியல."

"என்ன பாசை?"

"தெரியல மச்சான். ஒரு ஆளு கொழல் மாதிரி ஒண்ணு ஊதுதான். ஊதி முடிச்சதும் ஒரு கூட்டமே சிரிக்குது."

"எதுக்குச் சிரிக்குது?"

"அதுதான் எனக்கும் தெரியல. கேட்டா நமக்கும் சிரிப்பு வந்துருது."

அவன் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த மசியைத் துடைத்துவிட்டு, கொடியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே" என்றாள்.

"ஐயரு இன்னேரம் ஆபீஸ்லருந்து வந்துருப்பாரு. கெளம்பு."