கதவு தானாகத் திறந்துகொண்டது

ரோட்டில் விழுந்து கிடக்கிற ஒரு மனுஷியிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

அடி பலமா என்பீர்கள். தண்ணீர் வேண்டுமா என்பீர்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் 'அய்யோ பாவம்' என்றாவது சொல்வீர்கள்.

எங்கள் சைக்கிள் குழுவில் கேட்டது இது: "மேடம், பின்னாடி லைட் போட்டிருந்தீங்களா?"

விழுந்து கிடந்தவள் என் மச்சினி ஜெயந்தி. கேட்டவர் ரகுநந்தன். அவளை விழவைத்ததும் அவரேதான்.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் சர்க்கரை அளவு என் மனைவியைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் 'வாக்கிங் இல்லாட்டி சைக்கிளிங்' என்றார். நடப்பதைவிட உட்கார்ந்து செய்கிற வேலை மேல் என்று சைக்கிளைப் பிடித்தேன். தனியாகப் போனால் போரடிக்கும் என்று ஒரு குழுவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பெங்களூரில் இப்போது ஏரியாவுக்கு நாலு சைக்கிள் குழு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பெயர், ஒரே மாதிரி பனியன்.

சேர்ந்த முதல் வாரம் ஒருவர் என் சைக்கிளைக் காட்டி, "வெயிட் எவ்ளோ சார்?" என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தன்னுடைய சைக்கிளைச் சுண்டுவிரலில் தூக்கிக் காட்டினார். இன்னும் நூறு கிராம் குறைப்பதற்காக பெடலை மாற்றப்போகிறாராம். அந்த நூறு கிராமை அவர் வயிற்றிலிருந்து இலவசமாகவே எடுத்திருக்கலாம்... நமக்கேன் வம்பு.

இந்தக் குழுக்களில் யாரும் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேசுவதில்லை. சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த டயர், எந்த ஹெல்மெட், எந்த ஊர் கண்ணாடி. பாதிப் பேர் சைக்கிள் ஓட்டுவதற்கு காரில் வருகிறார்கள். காரின் முதுகில் சைக்கிளைக் கட்டி, ஏரிக்கரையில் இறக்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி காரில் ஏற்றி... உடற்பயிற்சி யாருக்கு? காருக்கா?

ரகுநந்தன் அப்படி வருகிறவர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பெரிய கம்பெனியில் டைரக்டர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். மூன்றிலும் அறிவுரைதான் சொல்வார். குழுவுக்கு 'சேஃப்டி லீட்', அதாவது பாதுகாப்புத் தலைவர், அவர். எந்தத் தேர்தலில் ஜெயித்தார் என்று எனக்குத் தெரியாது.

ஜெயந்தியைக் குழுவுக்குக் கூட்டிவந்தவன் நான். என் மனைவியின் தங்கை. ஆஸ்டின் டவுனில் வீடு. ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தைகளுக்கு ஊசி குத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். வலிக்காமல் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர். மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டில் சும்மா நின்ற அந்தப் பெண்ணின் சைக்கிளை, முன்னால் கூடை வைத்த சாதாரண சைக்கிள், துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

கூடையைப் பார்த்து ஒருவர், "ஷாப்பிங்கா மேடம்?" என்று சிரித்தார்.

"ஆமா சார். திரும்பறப்ப கொத்தமல்லி வாங்கணும்" என்றாள் ஜெயந்தி, நிஜமாகவே.

அந்த ஞாயிறும் அல்சூர் ஏரிப் பக்கம்தான் கூடுவதாக ஏற்பாடு. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. ஜெயந்தி முன்னால் போகிறாள், நான் கொஞ்சம் பின்னால். இடது ஓரமாக வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. மாம்பழ மஞ்சளில் குர்தா, சிவப்பு ஹெல்மெட். பின்னாலிருந்து கண்ணாடி போடாமலேயே எனக்கு அவளைத் தெரிகிறது.

நின்றிருந்த ஒரு கறுப்புக் காரின் டிரைவர் பக்கக் கதவு சட்டென்று திறந்தது. அவள் மணி அடித்தது கேட்டது. அவ்வளவுதான். கைப்பிடி கதவில் மோதி, அவள் வலது பக்கமாக ரோட்டில் போய் விழுந்தாள். பின்னால் பஸ் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

காரிலிருந்து ரகுநந்தன் இறங்கினார். முதலில் கதவின் கீலைப் பார்த்தார். ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தார். பிறகுதான் அவள் பக்கம் வந்தார். வந்து கேட்டதுதான் மேலே சொன்ன கேள்வி.

"காலங்கார்த்தால வெளிச்சத்துல லைட் எதுக்கு சார்? நீங்கதான் பார்க்காம கதவைத் திறந்தீங்க" என்றேன்.

"சார், இப்ப பிளேம் கேம் வேண்டாம். ஃபர்ஸ்ட் சேஃப்டி" என்றார்.

அதற்குள் மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தூக்கிவிடுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே முத்திரை இருக்கிறதா என்று தேடுகிறார். இன்னொருவர் பிரேக்கை அழுத்திப் பார்த்து, 'ரிம் பிரேக்கா, அதான்' என்கிறார். கூடை இருந்தால் பேலன்ஸ் போய்விடும் என்கிறார் ஒருவர். ரகுநந்தன் கீழே கிடந்த சைக்கிளை போனில் படம் எடுத்தார். ஜெயந்தி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதட்டைக் கடித்திருக்கிறாள்.

ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆட்டோவை நிறுத்தினார். போகும்போது என்னிடம் சொன்னார், "அவரு நோட்லே இல்ல ரீ." அவர் பார்க்கவே இல்லை என்று கன்னடத்தில். இதற்கு மேல் ஒரு விபத்து அறிக்கை தேவையா?

ஆட்டோ கிளம்பும்போது ரகுநந்தன் உள்ளே குனிந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்ஷூரன்ஸ் இருக்குல்ல மேடம்?"

குழு அன்றைக்குத் திட்டமிட்டபடி கிளம்பிப் போனது. போட்டோ போட்டார்கள், பார்த்தேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

தோளையும் கழுத்தையும் சேர்க்கிற காறை எலும்பு உடைந்திருந்தது. வலது பக்கம். ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டு ஆட்டாமல் வைத்திருந்தால் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். ஆறு வாரம் ரத்தம் எடுக்கக் கூடாது. வேலையில் அவளை ரிசப்ஷனில் உட்காரவைத்தார்கள். இடது கையால் கம்ப்யூட்டரில் பெயர் தட்டுவது. ஒருநாள் பார்க்கப் போனபோது, கட்டுக்குள்ளிருந்த வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுங்குது மாமா. எலும்பு சேர்ந்துடும்னு சொல்றாங்க. சேர்ந்தப்புறமும் நடுங்கிச்சுன்னா? குழந்தைங்க கையில எப்படிக் குத்தறது?"

நான் எதிரே உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் குழுவின் வாட்ஸ்அப்பில் அன்பு பொங்கி வழிந்தது. 'கெட் வெல் சூன்' ஒன்று. அதற்குக் கீழே பளபளக்கிற ஜாக்கெட்டின் படம். கைப்பிடியில் மாட்டுகிற கண்ணாடி. ஹெல்மெட்டில் ஒட்டுகிற சிவப்பு விளக்கு. பின்னால் வருகிற வண்டியை உணர்ந்து கத்துகிற ரேடார். எலும்பு உடைந்தவளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஒருவரும் வரவில்லை, ஆனால் என்ன வாங்க வேண்டும் என்று நாற்பது பேர் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து ஓர் அழைப்பு. 'விசிபிலிட்டி: கண்ணில் படுங்கள், உயிரோடு இருங்கள்.' வழிநடத்துபவர் ரகுநந்தன். இந்திராநகரில் ஒரு காபிக் கடையின் மாடியில்.

போக வேண்டாம் என்றேன். "போலாம் மாமா. என்ன சொல்றார்னு கேட்கணும்" என்றாள். கையைத் தொங்கவிட்ட கட்டோடு என்னுடன் ஆட்டோவில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

ரகுநந்தன் திரையில் படம் படமாகக் காட்டினார். கறுப்பு உடை தப்பு, வெள்ளை பரவாயில்லை, பளபளப்பு உத்தமம். ஐந்தாவதோ ஆறாவதோ படத்தில் ஜெயந்தியின் சைக்கிள் ரோட்டில் கிடந்தது. அன்றைக்கு எடுத்தாரே, அதேதான். கூடை நசுங்கியிருந்தது தெரிந்தது. கார் மட்டும் தெரியவில்லை. ஓரத்தை வெட்டியிருந்தார்.

"இது நம்ம குரூப்ல நடந்த கேஸ். ரைடர் வந்திட்டிருக்காங்க. ஒரு வெஹிக்கிளோட கதவு திறந்துடுச்சு. ரைடர் போதுமான அளவு விசிபிளா இல்ல..."

கதவு திறந்துடுச்சு. கவனித்தீர்களா? நம் தமிழில் எத்தனை வசதி பாருங்கள். கண்ணாடி உடைஞ்சிடுச்சு, பால் பொங்கிடுச்சு, கதவு திறந்துடுச்சு. ஆளே இல்லாமல் வேலை நடந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன் சொன்னால் காதைத் திருகுவோம். டைரக்டர் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்கிறோம். என் பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே குறிப்பெடுத்தார்.

கேள்வி நேரம் வந்தது. ஜெயந்தி எழுந்தாள். ரகுநந்தன் அப்போதுதான் அவளைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரிசையில், இத்தனை பெரிய வெள்ளைக் கட்டோடு.

"சார், அன்னிக்கு நான் என்ன கலர் போட்டிருந்தேன்?"

"அது... ஞாபகம் இல்ல மேடம். டார்க்கா ஏதோ..."

"மஞ்சள் சார். ஹெல்மெட் சிவப்பு. மணியும் அடிச்சேன். பின்னாடி வந்த எங்க மாமாவுக்குத் தெரிஞ்சேன். வாக்கிங் போன தாத்தாவுக்குத் தெரிஞ்சேன். நான் நல்லாத்தான் தெரிஞ்சேன் சார். நீங்கதான் பார்க்கல."

குரலை உயர்த்தவில்லை. ரத்தம் எடுக்கும்போது 'கையை நீட்டுங்க' என்று சொல்வாளே, அதே குரல்.

யாரோ ஒருவர் நாற்காலியைக் கிறீச்சென்று நகர்த்தினார். ரகுநந்தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "வேலிட் பாயின்ட் மேடம். தனியாப் பேசலாம்" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சாக்ஸில் ஒட்டுகிற பளபளப்புப் பட்டை பற்றி.

கீழே இறங்கியதும் ஜெயந்தி நல்ல கையால் ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

தனியாகப் பேச அடுத்த வாரம் அவர் வந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயந்தி இருக்கிற சந்தில் அந்தக் கார் நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து, மாடிப்படி ஏறி வந்தார். மனைவியும் கூட. கையில் ஒரு பெட்டி, உள்ளே பளபளக்கிற ஜாக்கெட். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். காபி குடித்தார். டிராஃபிக் பற்றிப் பேசினார். மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று பேசினார். அவர் மனைவி இரண்டு தடவை அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் மழை பற்றிப் பேசினார்.

கடைசியில் வாசலில் ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டே, குனிந்தபடி சொன்னார், "அன்னிக்கு நான் போன்ல மெசேஜ் பார்த்துட்டிருந்தேன்மா. பார்த்துட்டே இறங்கிட்டேன். ஸாரி."

மேடம் 'அம்மா'வாகிவிட்டாள். உண்மை வந்தால் தமிழும் சேர்ந்து வரும் போலிருக்கிறது.

"தெரியும் சார். கையில போன் இருந்ததைப் பார்த்தேன்" என்றாள் ஜெயந்தி. "இதை அன்னிக்கு அங்க, அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

அவர் லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு லேஸ் கட்ட இவ்வளவு நேரமா? பிறகு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். குழுவில் இன்றுவரை சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் காத்திருக்கவில்லை. வீட்டு வாசலில் மூன்று பேர் முன்னால் வருகிற தைரியம், வெளிச்சமான ஹாலில் வருவதில்லை.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. முதல் நாள் ரத்தம் எடுக்கப் போகும்போது பயந்துகொண்டே போனாளாம். வந்தது நாலு வயதுக் குழந்தை. குத்தியதும் தெரியாமல், எடுத்ததும் தெரியாமல், 'ஆயிடுச்சா?' என்று அந்தக் குழந்தை கேட்டதாம். போனில் இதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். என் மனைவியும் அழுதாள். நான் சர்க்கரை இல்லாத காபியில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லாதீர்கள்.

குழுவிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் விலகிவிட்டோம். ஞாயிறு காலையில் சும்மா ஜோகுபாளையம் வரை ஓட்டிப்போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். எங்கள் சராசரி வேகத்தை எருமைகள்கூட மதிக்காது.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். காரிலிருந்து இறங்கும்போது டிரைவர் சீட்டில் இருக்கிறவர் கதவை வலது கையால் திறக்காமல், இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும். கூடவே கழுத்தும் திரும்பும். பின்னால் யார் வந்தாலும் கண்ணில் படுவார்கள், என்ன கலர் போட்டிருந்தாலும்.

பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், எந்தக் கடையிலும் விற்பதில்லை... அதனால்தான் எங்கள் பழைய குழுவில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.