அத்தான் வீட்டுக் காம்பவுண்டு சுவர்

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: ‘அமெரிக்க அதிபர்களின் அரசியல் துணிச்சல்’.

விடுவேனா? கறுப்பின மக்களுக்கான சம உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டால் தெற்கு மாநிலங்கள் கட்சியைக் கைவிட்டுவிடும் என்று தெரிந்தும் போட்டவர்... பதவி விலகிய முன்னவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டு அடுத்த தேர்தலில் தோற்றவர்... பிளந்து கட்டினேன். கைதட்டல், பொன்னாடை எல்லாம் ஆயிற்று.

அப்படியே கீழச்சிவல்பட்டிப் பக்கம் தங்கை கண்ணாத்தாள் ஊருக்குப் பஸ் ஏறினேன். அவள் அங்கே பஞ்சாயத்துத் தலைவி. போய் இறங்கினால் தெருவில் பொக்லைன் நிற்கிறது!

ஊரே குடிக்கிற ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை வழிநெடுக வீடுகள் விழுங்கிவிட்டன. அதை மீட்பேன் என்று சொல்லித்தான் அவள் ஜெயித்தாள். கால்வாயில் முதலில் நிற்பது யார் சுவர்? அவள் கணவருடைய அண்ணன் சுவர். தெருத்தெருவாக அவளுக்கு ஓட்டுக் கேட்ட மனிதர்.

“நம்ம சுவரைக் கடைசியா வச்சுக்கலாம்த்தா” என்றார்.

“உங்களுதை விட்டுட்டு அடுத்த வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்? நீங்களே சொல்லுங்க அத்தான்.”

“தேர்தல் வருது. பங்காளிக ஓட்டு ஒண்ணுகூட விழுகாது, பாத்துக்க!”

“தெரியும் அத்தான்.” ஆனாலும் டிரைவருக்குக் கை காட்டிவிட்டாள்.

சுவர் விழுந்தது. அதைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்கள் தாங்களே இடித்துக்கொண்டார்கள்.

கதை இதோடு முடிந்தால் பரவாயில்லை. போன வாரம் அதே அத்தான் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து! விசேஷ வீட்டு வாசலில் “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எங்கள் பக்கம் உறவே அறுந்ததாக அர்த்தம். கையெழுத்துப் போட்ட எந்த அதிபருக்காவது இந்தச் சோதனை உண்டா?

கண்ணாத்தாள் சீர்த்தட்டோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற சொந்தங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் தட்டை இறக்காமல் அங்கேயே நின்றாள்.

அத்தான் வந்தார். எங்கோ பார்த்தபடி சொன்னார்:

“வாத்தா... உள்ள வந்து சாப்புடு. ஓட்டு மட்டும் கெடையாது!”

“சரி அத்தான்” என்று சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த தேர்தலில் தோற்றாலும் தோற்பாள். இருக்கட்டுமே... பெய்த மழையில் ஊருணி நிரம்பிக் கிடக்கிறது. அவள் என் தங்கை என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சிவகங்கைச் சீமைத் தலைவிகளின் துணிச்சல் பற்றிப் பேச அமெரிக்காவில் ஏதாவது கல்லூரி கூப்பிட்டால் — நான் ரெடி!