கிராணியின் சைக்கிளுக்கு எடை கூட்டிய கதை

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இரும்பு தெரிந்துவிடாது. எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணிக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தெரியாமையைப் பிடித்துக்கொண்டுதான் ஜப்பான்காரன் காலத்தில் அவனை நான் ஒன்றரை வருஷம் வதைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். எனக்கு ரப்பர் ஆலையில் வேலை. உருளை, குழாய், அடுப்பு, எது கெட்டாலும் நான்தான் பார்க்க வேண்டும். என் தம்பி ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். அப்பா அம்மா போன பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவன், நான், என் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என்று ஐந்து பேர் இருந்தோம்.

சண்டைக்கு முன்னால் ஒரு சின்ன துரை தன் பந்தய சைக்கிளைப் பாலத்துக் கட்டையில் மோதி வளைத்துவிட்டுக் குப்பையில் போடச் சொன்னார். நான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். தூக்கின கையே சொன்னது, இது நம் ஊர்ச் சைக்கிள் இல்லை என்று. குழாயை விரலால் சுண்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி ‘ணங்’ என்றது. உள்ளே கம்பி விட்டுப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சுவர் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்திருந்தார்கள். ஒட்டுப் போடும் இடத்தில் பலம் வேண்டும், நடுவில் வேண்டியதில்லை என்று யோசித்துச் செய்த வேலை. அந்த நடுப்பகுதிதான் சவாரியின் உயிர். மேட்டில் சக்கரம் ஏறும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடனே பழைய நிலைக்குத் திரும்பும். ஓட்டுகிறவன் உடம்பில் அடி இறங்காது. மிதிக்கிற மிதியும் வீணாகாது.

மூன்று மாதம் பொறுமையாக நிமிர்த்தித் தம்பிக்குக் கொடுத்தேன். ஈப்போ திடலில் நடந்த பந்தயத்தில் இரண்டு தடவை முதலாவதாக வந்தான். “அண்ணே, இது நம்ம மிதிய வாங்கித் திருப்பி நமக்கே குடுக்குதுலா!” என்பான். அவனுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

பிறகு சப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று ஈப்போவிலிருந்து எண்ணிக்கை வரும், பேர் எழுதுகிறவன் கிராணி. அந்தத் தடவை என் தம்பியின் பேர் இருக்கிறது என்று தெரிந்தது. கிராணிக்கு அந்தச் சைக்கிள் மேல் ஒரு கண் என்பது தோட்டத்துக்கே தெரியும். தம்பியைக்கூடக் கேட்காமல் ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“ஐயா, தம்பி பேர எடுத்துடுங்க. இத நீங்க வச்சுக்குங்க.”

“நிறுத்திட்டுப் போ. பாத்துக்கலாம்” என்றான்.

மூன்றாம் நாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு லாரி வந்து நின்றது. கிராணி படிக்க ஆரம்பித்தான். என் தம்பியின் பேரைப் படித்தான். தலையை நிமிர்த்தாமல் படித்தான், பாவி. நான் பாய்ந்தேன். ஒரு சிப்பாய் அறைந்ததில் கீழே விழுந்தேன். தம்பி லாரியில் ஏறிக்கொண்டே, “அண்ணே, சும்மா இருங்க. போயிட்டு வாரேன். புள்ளைகளப் பாத்துக்குங்க” என்றான். அழக்கூட இல்லை. அடுத்த வாரம் கிராணி அந்தச் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு எங்கள் லயத்து வழியாகப் போனான். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு தோட்டத்தையே கொளுத்தியிருக்கலாம்.

ஆலையை மூடிவிட்டார்கள். நான் தோட்டத்து முனையில் ஒரு கொட்டகை போட்டு, மண்வெட்டி, சைக்கிள் என்று பழுது பார்த்தேன். தம்பி போன ஐந்தாம் மாதம் கிராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கேயே வந்து நின்றான்.

“என்னடா இது, ஏறி ஒக்காந்தா நெளியுது? தகரமா? இதுலதான் ஒன் தம்பி பறந்தானா?”

அதில் ஒரு நியாயம் இருந்தது. ஊரே கிழங்கு தின்று காய்ந்தபோது அவன் மட்டும் அரிசிச் சோற்றில் ஊதியிருந்தான். அந்தக் கனத்துக்கு மெல்லிய குழாய் நெளியத்தான் செய்யும். நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

“கனமான குழாயாப் பாத்துப் போடுடா.”

இரவெல்லாம் யோசித்தேன். முதலில் வந்தது கொலை எண்ணம்தான், மறைக்க மாட்டேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையின் கழுத்தை அளவுக்கு மீறிச் சுட்டு வைத்தால் போதும். மெல்லிய எஃகு அதிகச் சூட்டில் செத்துவிடும், வெளியே தெரியாது, இறக்கத்தில் ஒருநாள் முறியும். ஆனால் அவன் ஒரே நாளில் செத்தால் எனக்கு என்ன மிச்சம்? சைக்கிளும் அவனோடு போய்விடும். எனக்குத் தம்பியின் சைக்கிள் முழுசாகத் திரும்ப வேண்டும். அவன் சயாமிலிருந்து வந்து இறங்கும் நாளில் அது கொட்டகை வாசலில் நிற்க வேண்டும். கிராணி உயிரோடு இருந்து ஒவ்வொரு மைலும் அனுபவிக்க வேண்டும்.

ஆலையில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து கிடந்தன. சுவர் தடித்த மொக்கைக் குழாய். ஒன்றை எடுத்து முனைகளை அராவி அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒட்டு வைக்கப் பித்தளை கிடைக்கவில்லை; என் மனைவியிடம் தண்ணீர் மொள்ளும் பித்தளைச் செம்பைக் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும், “ரெண்டு செம்பும் எடுத்துக்குங்க” என்றாள். ஒட்டுப் பிடிக்க வெங்காரம் போட்டு, கரி அடுப்பில் துருத்தி ஊதி, கீழ்க்குழாயை உருவி எடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைச் சொருகினேன். கறுப்புச் சாயம் அடித்தேன். நல்ல குழாயை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக் கூரைக்குள் செருகினேன்.

இதை அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று உள்ளுக்குள் உதறல்தான். அவன் என்ன செய்தான் தெரியுமா? சைக்கிளைக் கொண்டுபோய் கித்தா ஷீட் நிறுக்கிற தராசுக் கொக்கியில் தொங்கவிட்டான்! இருபது வருஷமாகப் பாலையும் ஷீட்டையும் நிறுத்தே வாழ்ந்தவன். எடை குறைந்தால் பால்வெட்டுக்காரன் ஏமாற்றுகிறான், எடை கூடினால் நல்ல சரக்கு. அவனுக்குத் தெரிந்த இரும்புச் சாஸ்திரம் அவ்வளவுதான். சைக்கிளை வாங்கின அன்று நிறுத்ததைவிட முள் கீழே இறங்கியதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகி, “இப்பத்தாண்டா சைக்கிளு!” என்றான். என் கையில் அரைப்படி அரிசியைக் கொடுத்தான். எங்கள் பிள்ளைகள் அன்றைக்குச் சோறு தின்றார்கள். நான் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து மேல்குழாயில் விரிசல் என்று ஒரு கோட்டைக் கீறிக் காட்டினேன். அதையும் மாற்றினேன், இருக்கைக் குழாயையும் மாற்றினேன். தராசில் ஏற்றினான், சிரித்தான்.

“எப்படி ஐயா ஓடுது?”

“கல்லு மாதிரி இருக்குடா!”

பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல காலத்தில் குழாயின் குணம் பாதி வெளியே தெரியாது. காற்று அடைத்த டயர் பாதி அடியை விழுங்கிவிடும். சப்பான்காரன் காலத்தில் டயர் ஏது, டியூப் ஏது? கித்தாவை முறுக்கிக் கட்டை டயராகச் சக்கரத்தில் கட்டி ஓட்டினோம். கல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். தம்பியின் குழாய்கள் இருந்தவரை கட்டை டயரிலும் சமாளித்துவிடலாம். தண்ணீர்க் குழாய் ஒன்றையும் விழுங்காது. ஒவ்வொரு கல்லையும் எடுத்து அப்படியே முதுகுத்தண்டில் வைக்கும். கிராணி வாரம் இரண்டு தடவை ஈப்போவுக்குப் பட்டியல் கொண்டுபோக வேண்டும். போக வரச் செம்மண்ணும் சரளையும்தான்.

பின்பக்கக் குழாய்களை மாற்றினதும் இருக்கையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டான். ஈப்போவிலிருந்து வந்தால் இறங்கி நிமிர ஐந்து நிமிஷம் ஆகும். “வயசாகுதுடா” என்பான். “டயர்தான் ஐயா காரணம்” என்பேன். அவன் போன பிறகு கொட்டகைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். என் தம்பி அங்கே எந்தக் கல்லைச் சுமக்கிறானோ, நீ இங்கே வாங்குடா!

கடைசியாக முன்கவை. முன்னே வளைந்து மெலிந்து வரும் அந்த இரண்டு கால்கள்தான் கைக்கு வரும் அதிர்வைத் தின்னும். அதை எடுத்துவிட்டு, சாமான் ஏற்றும் சைக்கிளின் மொத்தைக் கவையை மாட்டினேன். தராசு முள் நாற்பது ராத்தலைத் தாண்டியது. ஒரு மாதத்தில் அவன் விரல்கள் மரத்துப்போயின. பேனா பிடிக்க முடியவில்லை, பட்டியலைச் சின்னக் கிராணியை வைத்து எழுதினான். பட்டியல் நின்றுவிடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கை நடுங்கியதைப் பார்த்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கூரையில் இப்போது தம்பியின் எல்லாக் குழாய்களும் இருந்தன. ஒரு பழைய சைக்கிள் சட்டத்தை அறுத்து, குழாய்களைச் சேர்க்கும் இணைப்புகளை எடுத்து, தம்பியின் சைக்கிளை மறுபடி கட்டினேன். சுண்டினேன். ‘ணங்’ என்றது.

சப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்தது. அவனுக்குத் துணை போனவர்களை, அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த ஆட்கள் வெளியே வந்து தேடினார்கள். மறுநாள் காலை கிராணி வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பத்து காஜா என்ற ஊரில் அவன் மச்சான் வீடு இருந்தது, அங்கே ஓடி ஒளியப் பார்த்தான்.

“டேய், இது நகர மாட்டேங்குது. வேற சைக்கிள் இருந்தா குடுடா, புண்ணியமாப் போவும்.”

அப்போதுதான் கொட்டகை வாசலில் நான் நிறுத்தியிருந்த தம்பியின் சைக்கிளைப் பார்த்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். முகம் மாறியது.

“தெரியுதா?” என்றேன். முதல் தடவையாக எனக்கு ‘ஐயா’ வரவில்லை. “ஒவ்வொரு குழாயா ஒன்கிட்டருந்து உருவினேன். நீ தராசுல ஏத்திச் சந்தோசப்பட்டது ஆலைத் தண்ணிக் குழாயி. தம்பி பேர எடுக்கச் சொல்லித்தான இதக் குடுத்தேன்? வாங்கிக்கிட்டுக் கழுத்தறுத்தியே, நீ நல்லாருப்பியா?”

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“எடுத்தேன்டா. அன்னிக்கே எடுத்தேன். ஆனா தலை கொறையக் கூடாதே. அந்த எடத்துல ஒன் பேர எழுதினேன்.”

“என் பேரையா?” என்றேன்.

“எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு ஒன் தம்பி சாயங்காலம் வந்தான். ‘எங்க அண்ணனுக்கு ரெண்டு புள்ளைக, என்னையே போடுங்க. சைக்கிள அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க’ன்னு சொல்லிட்டுப் போனான்.”

“இத்தன நாளா ஏன்டா சொல்லல?”

கிராணி சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சொல்லியிருந்தா சைக்கிளக் கேட்டிருப்பேல்ல?”

அதைக் கேட்டதும்தான் அவன் சொன்னது அத்தனையும் நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல காரணம் சொல்லியிருப்பான். என் கையில் சுத்தியல் இருந்தது. கீழே போட்டேன்.

“ஒன் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போ.”

காலில் விழுந்தான். “போ” என்றேன். அந்தக் குழாய் மூட்டையில் ஏறி மிதித்தான். முனை மேட்டில் இறங்கித் தள்ளினான். பத்து காஜா போய்ச் சேர்ந்தானா, வழியில் அகப்பட்டானா, நான் விசாரிக்கவில்லை.

சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். ஈப்போ ஸ்டேசனுக்கு மூன்று வாரம் நடையாய் நடந்தேன். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்ததும் அழுதார். “ஆறு மாசங்கூடத் தாங்கலண்ணே, வாந்திபேதி” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழ்க்குழாயை உருவியபோது தம்பி இருந்தான். மேல்குழாயைக் கழற்றியபோது அவன் இல்லை. அப்படியானால் மீதிக் குழாய்களை யாருக்காகக் கழற்றினீர்கள் என்று என் மனைவி கேட்டாள். கிராணிக்காகத்தான். என் பேரை எழுதியதற்குக்கூட இல்லை. கழற்றியபோது எனக்குத் தெரியாதுதான்; ஆனாலும் தம்பி கடைசியாக எனக்குச் சொல்லி அனுப்பியதை அந்தக் கிராணி ஒரு சைக்கிளுக்காக வாயில் போட்டு முழுங்கினானே, இப்போது கணக்கு அதற்காகத்தான். உயிரோடு இருந்தால் அந்தக் கிராணியின் இடுப்பு இன்றைக்கும் வலிக்கட்டும்.