கேக்காரரின் இடது கால்

கேக்காரரின் கடையில் மாவு பிசைய ஒரு இயந்திரம், முட்டை அடிக்க ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று. அடுப்பு தானே அணைந்து தானே மணியடிக்கும். "இந்தக் காலத்துல எதுக்குங்க கை நோகணும்?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் கார் விஷயத்தில் மட்டும், கியரை என் கையால்தான் மாற்றுவேன் என்று பதினாறு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்த ஒற்றைக்கால் இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

கார் சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு குடையும் ஒரு துண்டும் வைக்கலாம். மொத்தம் ஆறு கியர். வெண்ணெய் வாங்கப் போகிற வழியில் ஒன்பது சிக்னல் இருப்பதால், வாரநாட்களில் முதல் மூன்று கியருக்குத்தான் வேலை. ஆறாவது கியர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்விழிக்கும். அன்று விடியற்காலை, இதே கிறுக்குப் பிடித்த நாலு பேரோடு மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே யாரும் பந்தயம் விடுவதில்லை. மேலே போய் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுத் தேநீரோடு நின்றுகொண்டு, "அந்த மூணாவது வளைவுல ரெண்டாவது கியருக்கு இறங்கினேன் பாருங்க, சத்தம் கேட்டுச்சா?" என்று, குழந்தை முதன்முதலாக 'அம்மா' சொன்னதைப் போலப் பேசிக்கொள்வார்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய கியரைப் பற்றிக்கூடப் பேசுவதுண்டு.

மனைவியும் லைசென்ஸ் வைத்திருப்பவர்தான். சிவப்புக் காரை இரண்டே நாள் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறை கியர் கரகரக்கும்போதும் கேக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாற்போல முகம் கோணியது. மூன்றாம் நாள், "உங்க மூஞ்சியைப் பாக்குறதுக்கு நான் பஸ்லயே போயிடுவேன்" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் மனைவியின் தம்பிக்கு இதெல்லாம் வாய்க்கு அவல். அவன் கார் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும். கடைக்குப் பின்னால் இரண்டு வண்டி நிறுத்த இடம் உண்டு. ஒன்றில் சிவப்புக் கார், இன்னொன்றில் அவனுடையது.

"மாமா, என் வண்டி உங்களைவிட வேகமா கியர் மாத்தும், தெரியுமா?"

"தெரியும் மாப்ள."

"பெட்ரோலும் கம்மி."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் என்னதான் இருக்கு அதுல?"

கேக்காரர் யோசித்தார். எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்குவது உள்ளங்கால் வழியாகத் தெரியும். காது அதைக் கேட்டுக் கைக்குச் சொல்லும். கை ஒரு அங்குலம் நகர, வண்டி சரி என்று ஒத்துக்கொள்ளும். இதை எப்படி வாயால் சொல்வது? "ஓட்டினாத்தான் தெரியும்" என்று நழுவினார். தம்பி, "பதிலையும் ஆறாவது கியர் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கார்" என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

இப்படிக் கேலியும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு முட்டுக்கட்டை போட்டது ஏரி ஓரத்து விடுதி. வாராவாரம் வெள்ளிக்கிழமை விருந்துக்கு மூன்றடுக்குக் கேக் வேண்டும், கொண்டுவந்து தர வண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். மனைவி கொஞ்சமும் யோசிக்காமல், "இருக்கு" என்று சொல்லிவிட்டார். பிறகு சமையலறைக்கு வந்து கணவரைப் பார்த்தார்.

"வேன் வாங்கணும்."

"வாங்கலாமே."

"நிறுத்த இடம்?"

கேக்காரர் பின்பக்கம் நின்ற சிவப்புக் காரை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வாடகைக்கு ஒரு வேன் சொல்லியிருக்கேன். தானா கியர் மாத்துறதுதான் கிடைச்சுது. கேக் அலுங்காம போய்ச் சேர்ந்துட்டா அதையே வாங்கிடலாம். சிவப்பைப் பாக்க சனிக்கிழமை ஒருத்தர் வர்றார். தம்பி ஏற்பாடு பண்ணியிருக்கான்."

"போய்ச் சேரலைன்னா?"

"விடுதியும் போச்சு. அப்புறம் நிம்மதியா உங்க கியரை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருங்க."

எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி. கேக் விழுந்தால் கடைக்கு நஷ்டம், விழாவிட்டால் கார் போகும். கேக்காரர் அந்த வாரம் முழுக்க க்ரீம் ரோஜாக்களைப் பெருமூச்சு விட்டுக்கொண்டே செய்தார். சும்மா சொல்லக்கூடாது, கேக்கில் கள்ளத்தனம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. மூன்று அடுக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன.

வெள்ளிக்கிழமை பகல் கீழ் அடுக்குகள் இரண்டும் வேனின் பின்னால், வழுக்காத விரிப்பின்மேல் ஏறின. மேலடுக்கைப் பெட்டியில் வைத்து மனைவி மடியில் வைத்துக்கொண்டார். கேக்காரர் கியரைத் தேடினார். ஒரு குமிழ்தான் இருந்தது. கீழே இரண்டே மிதி. இடப்பக்கம் பலகைபோல அகலமாக பிரேக்.

"இடது காலை மடக்கி வச்சுக்கோங்க. அதுக்கு இங்க வேலை இல்ல" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியாதா?"

வேன் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. இதில் குற்றம் கண்டுபிடிக்கவே முடியாதே என்று கேக்காரர் புழுங்கினார். தெருமுனை வந்தது. திரும்ப வேண்டும். திரும்பும்முன் வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும் என்று பதினாறு வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த இடது கால், யாரையும் கேட்காமல் எழுந்து, கிளட்ச் என்று நினைத்து அந்தப் பலகையை ஒரே மிதியாக மிதித்தது.

வேன் சுவரில் மோதியதுபோல நின்றது. மேலடுக்குப் பெட்டி மனைவியின் மடியிலிருந்து பறந்து, முன்கண்ணாடியில் மோதி வாய் திறந்தது. கண்ணாடியில் க்ரீம் ரோஜா ஒன்று மெதுவாக இறங்கியது.



"கியர் போட்டீங்களா?" என்று மனைவி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"வேணும்னு செய்யல."

"அது தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு சுத்தமா வராது." பின்னால் எட்டிப் பார்த்தார். கீழ் அடுக்குகள் அசையவில்லை. "கடைக்கு ஓடிப்போய் குளிர்பெட்டியில பாருங்க. இன்னொரு மேலடுக்கு இருக்கு."

"எப்ப செஞ்ச?"

"நேத்தே. உங்க காலை எனக்குத் தெரியாதா?"

கடை நூறு அடி தூரத்தில்தான். கேக்காரர் பெட்டியோடு திரும்பி வந்தபோது, மனைவி கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஓட்டுறியா?"

"நான் ஓட்டுறேன். மேலடுக்கு உங்ககூட இந்த வேன்ல ஏறாது. சிவப்புல கொண்டு வாங்க. முன்னால போங்க, நான் பாத்துக்கிட்டே வர்றேன்."

பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார் கேக்காரர். கிளட்ச்சை மிதித்ததும் இடது கால் சொந்த வீட்டுக்கு வந்த நிம்மதியில் அடங்கியது. அன்று அவர் மலைப்பாதையில்கூட அப்படி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் கியரை இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டுத்தான் கிளட்ச்சை விட்டார். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குகிற மாதிரி. பின்னால் வந்த மனைவிக்கு, அந்தச் சிவப்புக் கார் ஒரு இடத்திலும் மூக்கைக் குத்திக் குலுங்காதது தெரிந்தது.

விடுதியில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு இதழ்கூட விலகவில்லை. மேலடுக்கை ஏற்றி, விளிம்பில் க்ரீம் பூசி முடித்து வெளியே வந்ததும் மனைவி சிவப்புக் காரின்மேல் சாய்ந்துகொண்டார்.

"நிஜமா சொல்லுங்க. அப்படி என்ன இருக்கு இதுல?"

இந்த முறை கேக்காரர் நழுவவில்லை. "இது என்னைக் கேக்காம எதையும் செய்யாது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேன் பேச்சையும், விடுதிக்குச் சொன்ன 'இருக்கு'வையும், சனிக்கிழமை ஆளையும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி. நம்ம வீட்ல உங்களைக் கேட்டுச் செய்யுறது அது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்."

அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார். "அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுடா. ஆமா, வேனும் வாங்குறோம். நான்தான் ஓட்டுவேன். எங்க நிறுத்துறதா? நீ நிறுத்துற இடத்துலதான். உன் வண்டிதான் எல்லாத்தையும் தானா செய்யுமே, தெருவுல தானா நின்னுக்கும்."

தம்பி அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுதிக்கு இரண்டடுக்கே போதும் என்றதால், மேலடுக்குக்கும் சிவப்புக் காருக்கும் விடுமுறை. புது வேனை மனைவி ஓட்ட, கேக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை நெருங்கியதும் அவர் இடது கால் தரைவிரிப்பை அழுத்துவதைக் கண்ட மனைவி வண்டியை ஓரங்கட்டினார். விளிம்பு பூசப் பின்னால் வைத்திருந்த க்ரீம் வாளியை எடுத்து அவர் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்தார்.

"கெட்டியா பிடிச்சுக்கோங்க. இது சாஞ்சா உங்க பேன்ட்டுதான் போகும்."

விடுதி வரும்வரை இடது கால் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கேக்காரரின் கை மட்டும், வாளியின் பிடியை ஒரு அங்குலம் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.