ரோவெட்டாவுக்கு ஒரு நல்ல வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழவங்காடி கணபதி கோவில் முன்னால் புது வண்டிகள் பூஜைக்கு வந்து நிற்கும். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு, முகப்பில் மாலை. தேங்காய் உடைத்து வண்டி நகர்ந்ததும், எதிரே டீக்கடையில் நிற்கும் நாலைந்து பேர் வேலப்பனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் அவர்களுக்குப் பூஜையின் முடிவு.

வேலப்பனுக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. கரமனையில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. எந்த வண்டி தொந்தரவில்லாமல் ஓடும், எதை விற்கப்போனால் விலை நிற்கும், எது வாசலில் நின்றால் சம்பந்தி வீட்டில் மதிப்பு என்று அவர் சொல்வதைக் கேட்டு, கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. பாராட்டு மட்டும் அவர் வாயில் வராது. வண்டி நல்லது என்றால் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடிப்பார். கூட்டம் புரிந்துகொள்ளும்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு வலியசாலை வெங்கடசுப்ரமணியன் சாம்பல் நிற ரோவெட்டா ஒன்றைப் பூஜைக்குக் கொண்டுவந்தார். மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய முதல் கார். வெளிநாட்டுக் கம்பெனி, ஊரில் அந்த வண்டி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே வேலப்பன் சொன்னார்:

“காசைக் குடுத்துக் கவலையை வாங்கிட்டுப் போறாரு ஐயரு.”

அது ஐயர் காதில் விழுந்தது. அன்று அப்படியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு தனியாக வந்து, டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“ஒரு வாரம் ஓடிடுத்து, ஓய்.”

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். “இன்னும் ஓடறது” என்பதுதான் வணக்கம். “சாமி, மழை வரட்டும், பாப்போம்” என்பது பதில் வணக்கம். சிநேகம் அப்படி வளர்ந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்பு ரோவெட்டா கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டியது. உதிரிபாகம் கிடைக்காமல் பலர் வண்டியைக் கைவிட்டார்கள். வேலப்பன் மட்டும் கோயம்புத்தூருக்கும் டெல்லிக்கும் போன் போட்டு, கிளட்ச் பிளேட்டிலிருந்து கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வரை வரவழைத்து ஐயர் வண்டிக்குப் போட்டார். அந்த எஞ்சினை அவர் அளவுக்குத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. எங்கும் துரு கிடையாது. அவர் கடைக்கு வரும் எந்த வண்டியின் சத்தமும் அத்தனை சுத்தமாக இல்லை. அவருக்கு அது தெரியும். ஆனாலும் அந்த வண்டி விஷயத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் பேசாமல் டீயைக் குடித்ததில்லை. பேசாமலிருந்தால் ஐயர் ஜெயித்துவிடுவாரே.

இந்த ஆடியில் வெங்கடசுப்ரமணியன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்தபின் அவர் மனைவி சரஸ்வதியம்மாள் வேலப்பனைக் கூப்பிட்டனுப்பினார். மகள் கிருஷ்ணவேணி மாதக் கடைசியில் வந்து அம்மாவைப் புனேவுக்கு அழைத்துப்போக இருந்தாள். அதற்குள் வண்டி விற்றுப்போகவேண்டும்.

“நானே எடுத்துக்கிடுதேன் மாமி” என்றார் வேலப்பன்.

“வேண்டாம் வேலப்பன். நீங்க எடுத்துண்டா அது சிநேகத்துக்காக ஆயிடும். நல்ல வண்டின்னு நினைச்சு ஒருத்தர் வாங்கிண்டு போகணும். இத்தனை வருஷமா அவர் அதைத்தானே சொல்லிண்டிருந்தார்.”

வேலப்பன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். “ரோவெட்டாவா? என்ன அண்ணாச்சி, காலையிலேயே தமாஷா?” என்றார் ஒருவர். நேமத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் நேசையன், “விக்கப் போனா ஒருத்தனும் வரமாட்டான்னு நீங்கதானே பறஞ்சது” என்றார்.

கடைசியில் ஒருவன் வந்தான். டெக்னோபார்க்கில் வேலை செய்யும் வினீத். அவன் அப்பா வேலப்பனின் பழைய வாடிக்கை. அட்டக்குளங்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது.

“நல்ல ஸ்மூத்தா இருக்கு மாமா.”

“இதுக்க எஞ்சின் மாதிரி இப்ப வாற வண்டியில கெடையாது, கேட்டியா. நான் பிரிச்சுப் பாத்தவன். பாடியைத் தட்டிப் பாரு. ஒரு சத்தம் வராது. இவ்வளவு நல்ல வண்டி…”

பழகாத வார்த்தைகள். நாக்கு தடுக்கியது. வினீத் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தான்.

“மாமாவுக்கு கமிஷன் எத்ர?”

“கமிஷனா?”

“பின்னே? இது மாமா சவுண்டு தானே? எங்க ஆபீஸ் குரூப்ல கூட வந்துது.” போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டான். வேலப்பனின் குரல்தான். கம்பெனி மூடிய வாரம், டீக்கடையில் நின்று பேசியதை யாரோ பதிவு செய்திருந்தார்கள்.

“ரோவெட்டாக்காரங்க எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கம்பெனி பெட்டியைக் கட்டியாச்சு. இனி நம்ம கடையில உங்க வண்டிக்கு ஒரு மாலையும் ஒரு பாக்கெட் ஊதுபத்தியும் கெடைக்கும். அதுவும் ரொக்கத்துக்குத்தான்.”

பின்னால் ஒரு டீ கிளாஸ் வைக்கும் சத்தம். அதைத் தொடர்ந்து மூச்சுத் திணற ஒரு சிரிப்பு. “பாவி, அதை ஓட்டிண்டுன்னா வந்திருக்கேன்” என்றது வெங்கடசுப்ரமணியனின் குரல். மறுபடியும் சிரிப்பு.

சரஸ்வதியம்மாள் வாசலுக்கு வந்திருந்தார்.

“இன்னொரு தரம் போடுப்பா.”

வினீத் போட்டான். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு முடியும்வரை கேட்டார். “நேக்கு அதை அனுப்பறயா?” என்றார். அனுப்பிவிட்டு, வேலப்பனை நிமிர்ந்து பார்க்காமல், “நான் பின்னே விளிக்கேன் மாமா” என்று வினீத் போனான். பிறகு கூப்பிடவில்லை.

வேலப்பன் வண்டிப் பக்கமாக நின்றார்.

“ஆத்துக்கு வந்து நீங்க பண்ணின கேலியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்” என்றார் சரஸ்வதியம்மாள். “வண்டி நன்னாருக்குன்னு ஒரு நாளாவது அவர்கிட்டே சொல்லியிருக்கேளா?” என்று கேட்டார்.

“இல்ல மாமி.”

மாதக் கடைசியில் கிருஷ்ணவேணி வந்தாள். வண்டிகளைப் பிரித்து விற்கும் கிள்ளிப்பாலத்துக் கடை ஒன்றில் பேசிவிட்டதாகச் சொன்னாள். நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்பதுபோல் வேலப்பன் சரஸ்வதியம்மாளைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

“அப்ப நானே கொண்டு விட்டிருதேன்.”

மழை பெய்துகொண்டிருந்தது. வினீத் ஓட்டிப் பார்த்தபின் ஓடாமல் நின்ற வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

“ஓடுமா?” என்றான் கிள்ளிப்பாலத்துக் கடைக்காரன்.

“ஓடும்.”

“ஓடி என்ன செய்ய அண்ணாச்சி? கம்பெனியே இல்லையே.”

வேலப்பன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மழையில் நடந்தார்.

அடுத்த ஞாயிறு பழவங்காடியில் ஒரு சிவப்புக் கார் பூஜைக்கு நின்றது. தேங்காய் உடைத்தாயிற்று. டீக்கடை ஓரத்தில் ரோவெட்டா நிற்கும் இடத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள்.

“அண்ணாச்சி?” என்றார்கள் டீக்கடையில் நின்றவர்கள்.

“நல்ல வண்டி” என்றார் வேலப்பன்.

எல்லோரும் சிரித்து, மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் சாலையில் இறங்கி வண்டியருகே போனார். ஓட்டுநர் இருக்கையில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“நல்ல வண்டி சார். நல்லா ஓடும்.”

அவர் வேலப்பனையும், பின்னால் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தார். முகம் சிறுத்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.