கேமராக்காரர் சாட்சி சொல்கிறார்

என் அண்ணனைச் சபையில் எல்லோரும் கேமராக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவன் தொழில். ஏணியில் ஏறிச் சுவரைத் துளைத்து, வயரை ஓரமாக ஒளித்து இழுத்து, கீழே இறங்கி டிவியில் படம் வருகிறதா என்று பார்ப்பான். வந்துவிட்டால் குழந்தை மாதிரி சிரிப்பான்.

அப்படிப்பட்டவன்தான் ஒருமுறை கேமரா மாட்டப் போன வீட்டில் பீரோவிலிருந்து சங்கிலியை எடுத்துவிட்டான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே இன்றுவரை சொல்லத் தெரியாது. கை நீண்டுவிட்டது. அவன் ஜெயிலுக்குப் போனான், அண்ணி பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை. மகளை நான் வளர்த்தேன்.

வெளியே வந்தவனைச் சபை சேர்த்துக்கொண்டது. ஒரு ஞாயிறு, ஆண்டவர் தன்னை மாற்றிய கதையை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லப் பாஸ்டர் கூப்பிட்டார். இவன் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நான் மாட்டுற கேமராவுல, படம் பதிவாகுற பெட்டி நிறைஞ்சதும் பழைய படத்து மேலயே புதுப் படம் ஏறிடும். அப்புறம் போலீஸே வந்து கேட்டாலும் பழசு கிடைக்காது. ஆண்டவர் மன்னிக்கிறதும் அப்படித்தாங்க." சபையே அழுதது. நானும்தான் அழுதேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். பாஸ்டர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். இந்தக் கூட்டம், அந்தக் கூட்டம் என்று இழுத்துக்கொண்டு அலைந்தார். எங்கே போனாலும் பீரோ, சங்கிலி, விலங்கு எல்லாம் முதலிலிருந்து. ஆண்டவர் அழித்துவிட்டாராம், இவர்கள் வாரம் தவறாமல் போட்டுப் பார்ப்பார்களாம்! என்ன கூத்து இது?

இதற்கிடையில் அண்ணன் மகளுக்கு ஒரு வரன் வந்தது. கூட வேலை பார்க்கிற பையன், இருவருக்கும் பிடித்துப்போனது. பையனின் அம்மா வந்து அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பழைய கதையை நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தோம். அதற்குள் பாஸ்டர் அண்ணனை வேறொரு சபைக்குக் கூட்டிப்போனார். முன்வரிசையில் அந்த அம்மா! அண்ணன் அவளைப் பார்த்தான். பார்த்தும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் தேம்பித் தேம்பி அழுதாளாம். கூட்டம் முடிந்ததும் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, "உங்க சாட்சி என்னை உலுக்கிடுச்சு பிரதர்" என்றாளாம். மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஆண்டவர் மறந்துடுவாருங்க. எங்க சொந்தக்காரங்க மறப்பாங்களா? தப்பா நினைச்சுக்காதீங்க."

பையனும் அம்மா பேச்சைத் தட்டவில்லை.

சாயங்காலம் பாஸ்டர் ஆறுதல் சொல்ல வந்தார். ஜெபித்தார். கிளம்பும்போது அண்ணன் தோளில் கை போட்டு, "இந்த ஞாயிறு கல்யாணம் நின்னுபோனதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஜனங்க உடைஞ்சு போயிடுவாங்க" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! உள் அறையில் அண்ணன் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிறு காலை அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். மகள் வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, இன்னைக்கு மட்டுமாவது சொல்லாதீங்கப்பா."

"போதும்ண்ணே, விட்டுத்தொலை. சும்மா போய் உட்கார்ந்துட்டு வா" என்றேன் நானும்.

அவன் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சும்மா உட்கார்ந்த அன்னைக்கெல்லாம் என் பக்கத்துல யாரும் உட்காரலம்மா. சொன்னாத்தான் கட்டிப் பிடிக்கிறாங்க."