பெயரைக் கேட்ட இயந்திரம்

எதிரே நிற்பவர் இன்னார் என்று நன்கறிந்த பின்னும் "நீங்கள் யார்?" என்று வினவுவதே எங்கள் தொழில். அரசுச் சேவையை இணையத்தில் நாடிச் சென்று, 'நான் நான்தான்' என்று நிறுவ இயலாமல் திரும்பிய அன்பர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்றபின், காலைப் பாராயணம் முடித்து, மரக்காணத்துக் கணினிச் சேவை நிலையமொன்றில் நான் அமர்ந்திருந்த 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தவை இவை.

பதியாத விரல்

ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்றுக்குப் பதிவு செய்ய, அனுமந்தையிலிருந்து அஞ்சலை வந்தாள். உடன் அவள் கணவன் ஏழுமலை. அவன் கடலுக்குச் செல்பவன். அவள் உப்பளத்தில் வேலை செய்பவள். வீடு மனைவி பெயரில்தான் பதிவாகும்.

சோதனை முறையில் அவ்வாண்டு எங்களுக்குத் தந்திருந்த கைரேகைக் கருவியில் விரல் வைக்கச் சொன்னேன். பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தாள். உப்பு தின்ற விரல்கள், கோடின்றி வழவழத்திருந்தன. 'இப்படி ஒருவர் இல்லை' என்று திரை மீண்டும் மீண்டும் அறிவித்தது. வெளியே உச்சிவெயிலில் உப்புப் பாத்திகள் கண்கூச எரிந்தன. அவ்வொளியை முதுகுக்குப் பின்னே கொண்டு நின்றவளின் முகம் எனக்கே தெரியவில்லை. தன் உள்ளங்கையை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கணவனிடம் கேட்டாள்: "இன்னாயா, நான் இருக்கேன் இல்ல?"

வாயில் வராத விடை

ரேகை பதியாதவர்க்குக் கடவுச்சொல் உண்டு. அது மறந்துபோனால் கேட்பதற்கென ஒரு கேள்வியும் உண்டு. அதன் விடையை உரியவரே தம் குரலில் தொலைபேசியில் சொல்ல வேண்டும். விருப்பமான நிறம், பிறந்த ஊர், கணவர் பெயர் என்று படித்துக் காட்டினேன். கணவர் பெயரையே வைக்கச் சொன்னான் ஏழுமலை.

அஞ்சலையோ கணவன் பெயரைச் சொல்லாதவள். ஏழுமலையானைக் காணத் திருப்பதி சென்றுவந்ததைக்கூட "அந்தச் சாமி மலைக்கு" என்றே சொல்வாள். நான் தயங்கியது கண்டு அவன் சிரித்தான்: "அதாங்க ஐயா நல்லது. கழுத்துல கத்திய வெச்சாலும் இவ வாயில வராது. எவன் திருடிடுவான்?"

தொலைபேசியில் ஒரு பெண்

மறு ஆண்டு, காற்றற்ற ஒரு நாளில் கடலுக்குப் போன ஏழுமலை திரும்பவில்லை. படகு மட்டும் தானே கரை சேர்ந்தது. உள்ளே வலை மடித்தபடி, நனையாமல் இருந்தது. உடல் ஒதுங்கவில்லை. அஞ்சலை பொட்டையும் தாலியையும் நீக்கவில்லை.

கடவுச்சொல் அவனுக்கு மட்டுமே தெரியும். சில வாரங்கள் கழித்து, கெடு முடியும் நாளில் அவள் நிலையத்துக்கு வந்தாள். அன்று மாலைக்குள் அவள் கணக்கைத் திறந்து ஒப்புதல் தராவிடில் வீடு வேறொருவருக்குப் போய்விடும். தலைமை நிலையத்தை அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் பணிவாகக் கேள்வியைக் கேட்டாள். அஞ்சலை தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினாள். நான் சொன்ன விடை செல்லாது என்றாள் அப்பெண். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, குரல் யாருக்குத் தெரியப் போகிறது, தானே சொல்லிவிடுவதாக முன்வந்தாள். அஞ்சலை அவளை ஏறிட்டுப் பார்த்தாள்: "நீ கூப்ட்டு அவரு வந்து நின்னா, யாருக்கு வந்தாருன்னு நான் கேக்கறது?"

விடை

பிறகு அவளே தொலைபேசியை எடுத்தாள். ஆயினும் அதனுள் பேசவில்லை. திறந்த வாசல் வழியே கடலை நோக்கித் திரும்பி, அலைக்கு அப்பால் நிற்பவரை அழைப்பது போல், ஒரே ஒரு முறை "ஏழுமலை" என்றாள். கணக்குத் திறந்தது. வீடு அவளுடையதாயிற்று.

இறைவனை நாள்தோறும் ஆயிரம் நாமங்களால் அழைப்பவன் நான். அவற்றுள் ஒன்றையேனும் அப்படி அழைத்ததில்லை. அதுவரை அசையாதிருந்த காற்று எழுந்தது. உப்பு மணத்தோடு ஈர வலையின் வாடையும் அறைக்குள் புகுந்தது. கதவைச் சாத்த எழுந்தேன். அஞ்சலை கலையாத முகத்தோடு தடுத்தாள்: "சாத்தாதீங்க ஐயா, கூப்ட்டுட்டேன் இல்ல."

ஆகவே அன்பர்களே, சரிபார்ப்புக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் விருப்பமான நிறத்தையே தேர்ந்தெடுங்கள். நிறம் அழைத்தால் வருவதில்லை.